ஓடாதவர்களின் ஓட்டம்: ஓர் ஆங்கில வினைச்சொல்லின் பொருள் பெருகிய கதை

2007 செப்டம்பர் நடுவில் பிரிட்டனின் பல ஊர்களில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளை வாசல்களில் வரிசை நீண்டது. போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் வந்தவர்கள் மணிக்கணக்கில் கால்கடுக்க நின்றார்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த நாடு காணாத காட்சி அது. அதைக் குறிக்க ஆங்கிலத்தில் இருக்கும் சொல் 'ரன்'. நகராமல் நின்ற கூட்டத்தை அந்த மொழி ஓட்டம் என்றது.

கிரிக்கெட் மைதானத்திலும் இதே கதைதான். பந்து எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டால் மட்டையாளர் ஓர் அடிகூட எடுத்து வைக்க வேண்டியதில்லை. கணக்கில் நான்கு 'ரன்' ஏறிவிடும். அமெரிக்காவில் தேர்தல் வேட்பாளர் 'ரன்' செய்கிறார். அட்லாண்டிக்கின் மறுகரையில், அதே ஆங்கிலத்தில், பிரிட்டிஷ் வேட்பாளர் வழக்கமாக 'ஸ்டாண்ட்' செய்கிறார், அதாவது நிற்கிறார். நம் வேட்பாளர்களும் நிற்கிறவர்கள்தான். ஒரே வேலையை ஒரு நாட்டில் ஓடியும் இன்னொரு நாட்டில் நின்றும் செய்ய முடிகிறது என்றால், அந்த ஓட்டத்துக்கும் காலுக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்வியோடு அகராதியைத் திறந்தால் மலைத்துப்போவோம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவர் 'ரன்' என்ற வினைச்சொல்லை மட்டும் ஒன்பது மாதம் ஆராய்ந்தார். அவர் பிரித்தெடுத்த பொருள்கள் 645. அதே அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற வினைக்கு இருந்தது. அதற்குச் சுமார் 430 பொருள்கள். 2000இல் தொடங்கிய திருத்தப் பதிப்பில் 'மேக்', 'புட்' ஆகியவை அதை முந்தின. 2011இல் 'ரன்' எல்லாவற்றையும் தாண்டிச் சென்ற செய்தி வெளியானது.

அப்போது எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் ஒரு விளக்கம் தந்தார்: அசையாமல் ஓரிடத்தில் வைப்பதைக் குறிக்கும் 'செட்' விக்டோரியா காலத்தின் நிதானத்துக்குப் பொருந்திய சொல், 'ரன்' நம்முடைய பதற்றமான காலத்தின் சொல். கவர்ச்சியான விளக்கம்தான். ஆனால் இந்தச் சொல்லின் வரலாற்றைப் பார்த்தால், அது பெருகியதற்குப் பரபரப்பைவிடப் பழைய காரணங்கள் தென்படுகின்றன.

காலுக்கு முன் நீர்

'ரன்' ஜெர்மானிய மொழிக் குடும்பத்தின் பழஞ்சொல். அதன் உறவுச் சொற்களில் ஓட்டத்தோடு ஒழுக்கும் சேர்ந்தே வருகிறது. இன்றைய ஜெர்மன் மொழியில் 'ரின்னன்' என்றால் நீர் ஒழுகுவது. மெல்ல வழிவதற்கும் பாத்திரம் ஒழுகுவதற்கும் அந்தச் சொல்தான். பாலைத் திரியவைக்கப் பாலாடைக்கட்டித் தொழிலில் சேர்க்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரெனெட்' என்று பெயர். அதுவும் இதே வேரில் பிறந்தது. துளிகள் ஓடி ஒன்றுசேர்ந்து உறைவதும் பழைய ஆங்கிலத்தாருக்கு ஓட்டமாகத்தான் பட்டிருக்கிறது.

ஆகவே ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துவைத்த துணியில் சாயம் இறங்குவது, மெழுகு உருகி வழிவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' வரும்போது, மனிதனின் ஓட்டத்தை நீருக்கு ஏற்றிச் சொன்ன உருவகம் என்று அவற்றை எண்ணிவிடக் கூடாது. காலும் நீரும் அந்தச் சொல்லுக்குள் தொடக்கத்திலிருந்தே கூட்டுக்குடித்தனம் நடத்துகின்றன. இரண்டுக்கும் பொதுவானது தடையில்லாமல் தொடர்ந்து நகர்தல். அந்தப் பொதுக்குணம்தான் பிற்காலத்தில் கிளைவிட்ட பொருள்களுக்கெல்லாம் விதை.

சொல்லின் வடிவத்திலும் ஒரு சுவாரசியம் உண்டு. மதுரையைப் பேச்சில் 'மருதை' என்பதுபோல எழுத்துகள் இடம் மாறும் பழக்கம் பழைய ஆங்கிலத்திலும் இருந்தது. 'ரின்னன்' என்ற வடிவம் அங்கே அரிது. 'இர்னன்' என்பதே பெருவழக்கு. பிறகு வடக்கே குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பேச்சுவழக்கும் சேர்ந்துகொள்ள, 'ர'கரம் மீண்டும் முன்னுக்கு வந்தது. இன்றைய 'ரன்' வடிவம் நிகழ்காலத்துக்கு உறுதியாக நிலைத்தது 16ஆம் நூற்றாண்டில்தான்.

தொலைந்துபோன பிறவினை

பொருள்கள் பெருகியதற்கான இரண்டாவது காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழ் தெரிந்தவர்களுக்கு அதை விளக்குவது எளிது.

ஓடு, ஓட்டு, ஆடு, ஆட்டு, உருகு, உருக்கு. தானே செய்வதைத் தன்வினை என்றும், இன்னொன்றைச் செய்யவைப்பதைப் பிறவினை என்றும் பள்ளியில் படித்திருக்கிறோம். பழைய ஆங்கிலத்திலும் இப்படி ஓர் இணை இருந்தது. 'இர்னன்' என்றால் ஓடுதல். அதன் பிறவினையான 'ஏர்னன்' குதிரையை ஓட்டிச் செல்வதைக் குறித்தது. காலப்போக்கில் இந்த வேறுபாடு தேய்ந்தது. இன்று குதிரை ஓடினாலும் 'ரன்', குதிரையை ஓடவிட்டாலும் 'ரன்'. தமிழில் ஒரு 'ட்'டன்னா செய்யும் வேலை ஆங்கிலத்தில் காணாமல் போய்விட்டது.

இதன் விளைவு பெரிது. தமிழ் அகராதியில் 'ஓடு' ஒரு பதிவாகவும் 'ஓட்டு' இன்னொரு பதிவாகவும் நிற்கும்; பொருள்கள் இரண்டு வீட்டுக்கும் பங்கிடப்படும். ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுகின்றன. இயந்திரம் ஓடுவதும் இயந்திரத்தை ஓட்டுவதும், குழாயில் தண்ணீர் வருவதும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிடுவதும், பத்திரிகையில் செய்தி வருவதும் ஆசிரியர் அந்தச் செய்தியை வெளியிடுவதும் ஒரே சொல்லின் வெவ்வேறு எண்களாக அடுக்கப்படுகின்றன.

மூன்றாவது காரணம், வினையோடு ஒட்டிக்கொள்ளும் சிறுசொற்கள். 'அவுட்', 'ஓவர்', 'இன்டு', 'டவுன்', 'அப்' போன்ற இவை சேரும்போது புதுப்புதுப் பொருள்கள் பிறக்கின்றன. பெட்ரோல் தீர்ந்துபோனால் 'ரன் அவுட்'. வண்டி ஒருவர்மேல் ஏறினால் 'ரன் ஓவர்'. கடைத்தெருவில் பழைய நண்பரை எதிர்பாராமல் பார்த்தால் 'ரன் இன்டு'.

அமெரிக்க மொழியியலாளர் லெனர்ட் டால்மி உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரண்டாகப் பிரித்தார். ஆங்கிலம் போன்ற மொழிகளில் வினைச்சொல் எப்படி நகர்ந்தது என்பதைச் சொல்லும். எங்கே நகர்ந்தது என்பதைச் சிறுசொல் சொல்லும். மற்ற வகை மொழிகளில் பாதையை வினையே சொல்லிவிடும். நகர்ந்த விதம் துணையாக வரும். இந்த இரண்டாவது வகைக்கு அவர் தரும் பட்டியலில் தமிழும் இருக்கிறது. 'அவன் ஓடி உள்ளே நுழைந்தான்' என்ற வாக்கியத்தில் முற்றுவினை 'நுழைந்தான்'. 'ஓடி' வெறும் எச்சம். பாதையின் சுமையை நுழை, ஏறு, இறங்கு, கட, தீர், மோது என்று தனித்தனி வினைகள் ஏற்றுக்கொள்வதால் தமிழின் 'ஓடு' அவ்வளவு பாரம் சுமக்க நேரவில்லை. ஆங்கிலத்தில் அத்தனை மூட்டையும் 'ரன்'னின் முதுகில்.

இயந்திரம் தந்த புதுவாழ்வு

இந்த மூன்று பழைய காரணங்களோடுதான் தொழிற்புரட்சியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். குறித்த ஊர்களுக்கிடையே வண்டி போய்வந்தது. ஆலையில் நூற்பு இயந்திரம் சுழன்றது. 1830இல் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டது. தொடர்ந்து நகரும் எதற்கும் பொருந்துவதற்குத் தயாராக ஒரு சொல் ஏற்கெனவே இருந்தது. இயந்திரத்தின் ஓட்டம் நீரின் ஓட்டத்தைப் போன்றது: தொடங்கிவிட்டால் தானாகப் போகும், நிறுத்தும்வரை நிற்காது.

இங்கிருந்து நிறுவனத்துக்கு ஒரே ஒரு படி. ஆலை ஓடுகிறது என்றால் அதை ஓட்டுகிறவர் முதலாளி. அரசு ஓடுகிறது என்றால் அதை ஓட்டுகிறவர் அமைச்சர். கணினிக்கும் அதே சொல் போதுமானதாக இருந்தது. 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில், நினைவகத்தில் சேமித்த நிரல் ஒன்று முதன்முதலாக ஒரு மின்னணுக் கணினியில் ஓடியது. விடை வர 52 நிமிடம் ஆனது. அந்த 52 நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிய எதுவும் இடம் பெயரவில்லை. ஆனாலும் அது 'ரன்'. இடப்பெயர்ச்சி உதிர்ந்து, இடையறாத செயல் மட்டும் மிஞ்சிய நிலை.

கிரிக்கெட்டிலும் இப்படி ஓர் உதிர்தல் நடந்திருக்கிறது. ஆரம்ப காலத்தில் கணக்கெழுதுகிறவர் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு கோலில் வெட்டுப் போடுவார். அதனால் எண்ணிக்கைக்கே 'நாட்ச்', அதாவது வெட்டு, என்று பெயர் இருந்தது. பிறகு 'ரன்' அந்த இடத்தைப் பிடித்தது. பந்து எல்லை தாண்டினால் ஓடாமலே கணக்கில் சேர்க்கலாம் என்றானபோது, சொல் செயலைக் கழற்றிவிட்டு எண்ணிக்கையை வைத்துக்கொண்டது. இலங்கைத் தமிழ் ஊடகங்கள் எழுதும் 'ஓட்டங்கள்', தமிழ்நாட்டு நாளிதழ்கள் எழுதும் 'ரன்கள்' இரண்டுமே அந்தக் கழற்றலுக்குப் பின் வந்தவை.

கத்தியும் துண்டுகளும்

அப்படியானால் 645 என்பது இந்தச் சொல்லின் உண்மையான அளவா?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் தலைமையில் உருவான 'வேர்ட்நெட்' என்ற கணினி அகராதி, வினைச்சொல்லான 'ரன்'னுக்குத் தரும் பொருள்கள் 41. அதே சொல், அதே மொழி. எண்ணிக்கை பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டில் எதுவும் பிழையில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்கிறது. வழக்கொழிந்த பொருளையும் கப்பலோட்டியின் தொழில்வழக்கையும் சிறுசொல் சேர்ந்த தொடர்களையும் எண்ணுகிறது. வேர்ட்நெட்டுக்கு அந்த நோக்கம் இல்லை. எத்தனை துண்டு என்பது பழத்தையும் பொறுத்தது, கத்தியையும் பொறுத்தது.

அகராதியியலில் ஆழ்ந்த அனுபவம் கொண்ட ஆடம் கில்கேரிஃப் 1997இல் எழுதிய கட்டுரைக்கு, சொற்பொருள்களில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அகராதியில் எண்ணிட்டு நிற்கும் பொருள்கள் இயற்கையில் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. ஏதோ ஒரு வேலைக்காக நாம் பிரிக்கிறோம். வேலை மாறினால் பிரிவும் மாறும் என்பது அவர் வாதம்.

அதற்காகப் பெருக்கத்தில் ஒழுங்கே இல்லை என்று ஆகிவிடாது. பல்பொருண்மைக்கு ஐரோப்பிய மொழியியலில் 1897இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் மிஷெல் பிரேயால். புதுப் பொருள் வந்தபிறகும் பழைய பொருள் சாவதில்லை, இரண்டும் அருகருகே வாழ்கின்றன என்பதே அவரை வியக்கவைத்தது. 1945இல் மொழியியலாளர் ஜார்ஜ் ஜிப்ஃப் இதற்கு ஒரு கணக்கும் கண்டார். ஒரு சொல்லின் பொருள் எண்ணிக்கை, அது புழங்கும் அளவின் வர்க்கமூலத்தை ஏறக்குறைய ஒட்டிச் செல்கிறது. நூறு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்குச் சுமார் பத்து மடங்கு பொருள். தேய்ந்த நாணயம் எல்லாச் சந்தையிலும் செல்லுபடியாவதுபோல, அதிகம் புழங்கும் சொல்தான் அதிக இடங்களில் செல்லும்.

நாம் நடத்துகிறோம், அவர்கள் ஓட்டுகிறார்கள்

தமிழின் 'ஓடு'வை 'ரன்'னுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது மனித மனத்தின் பொதுச்சொத்து, எது அந்தந்த மொழியின் தனிச்சொத்து என்பது புலப்படும்.

பல இடங்களில் இரண்டும் கைகோத்துப் போகின்றன. ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, சுவரில் விரிசல் ஓடுகிறது, மனத்தில் ஓர் எண்ணம் ஓடியது. இவற்றை ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. தொடர்ந்து நகரும் எதையும் ஓட்டமாகக் காண்பது எந்தச் சமூகத்துக்கும் இயல்பாக வரக்கூடியது.

வேறு சில இடங்களில் பாதை பிரிகிறது. ஆங்கிலத்தில் மூக்கு ஓடுகிறது, நமக்கு ஒழுகுகிறது. அவர்கள் காய்ச்சலை ஓட்டுகிறார்கள். நமக்குக் காய்ச்சல் அடிக்கிறது. அவர்களுக்குச் சாலை ஓடும். நாம் 'இந்த ரோடு எங்கே போகுது?' என்போம். பயத்தில் திகைத்து நிற்பவர் 'கையும் ஓடலை, காலும் ஓடலை' என்பார். கை ஓடுவதை ஆங்கிலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

தொழிலைப் பற்றிப் பேசும்போது வேறுபாடு இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் ஒருவர் கடையை, பள்ளியை, கட்சியை 'ரன்' செய்கிறார். நாம் 'நடத்துகிறோம்'. 'நடத்து' என்பது 'நட'வின் பிறவினை; அவர்கள் ஓடவைப்பதை நாம் நடக்கவைக்கிறோம். 'கடை எப்படிப் போகுது?' என்று கேட்டால், 'ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்' என்று பதில் வரும். நடத்துவதில் பொறுப்பும் நிர்வாகமும் இருக்கின்றன. ஓட்டுவதில் அன்றாடத்தை எப்படியோ தள்ளும் களைப்பு இருக்கிறது. ஆனால் 'கடை நல்லா ஓடுது' என்றால் அதே வேர் வியாபாரம் செழிப்பதைச் சொல்கிறது.

பேருந்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் பஸ்ஸை ஓட்டுகிறார்; முதலாளி அந்த ஊருக்குப் பஸ் விட்டிருக்கிறார்; பஸ் தினமும் ஓடுகிறது. ஓட்டு, விடு, ஓடு என்று தமிழுக்கு மூன்று வினைகள். ஆங்கிலத்தில் ஓட்டுநருக்கு மட்டும் வேறு சொல். மற்ற இரண்டுக்கும் 'ரன்'. இதை ஒரு விதியாக்கிவிடலாம் என்று நினைக்கும்போது வ.உ.சி. குறுக்கே வருகிறார். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவரைக் 'கப்பலோட்டிய தமிழன்' என்கிறோம். அவர் சுக்கான் பிடித்தவரில்லை, கம்பெனி நடத்தியவர். ஆனால் 'கப்பல் நடத்திய தமிழன்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள், பெருமை பாதி வடிந்துவிடும். கடையோடு சேர்ந்தால் அலுப்பைத் தரும் 'ஓட்டு', கப்பலோடு சேர்ந்தால் வீரத்தைத் தருகிறது. பொருளை வினை மட்டும் தீர்மானிக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல்லுக்கும் அதில் பங்கு உண்டு.

கூட்டாளிகள் சொல்லும் சாட்சி

பக்கத்துச் சொல்லின் முக்கியத்துவத்தைத் தொல்காப்பியர் கண்டிருக்கிறார். கிளவியாக்கத்தில் பலபொருள் ஒரு சொல்லை அவர் இரண்டு வகையாகப் பிரிக்கிறார்: வினையால் வேறுபடுவது, வினையால் வேறுபடாதது. உரையாசிரியர்கள் காட்டும் 'மா' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 'மா பூத்தது' என்றால் மரம். 'மா மேய்ந்தது' என்றால் விலங்கு. வினை வந்து பெயரின் ஐயத்தைத் தீர்க்கிறது. 'மா வீழ்ந்தது' என்றால் எது வீழ்ந்தது? அங்கே வினை உதவாது. பேசுகிறவரே விளக்கிச் சொல்லியாக வேண்டும்.

தொல்காப்பியர் பேசியது பெயர்ச்சொல்லைப் பற்றி. 'ரன்'னில் நடப்பது அதன் மறுபக்கம். இங்கே ஐயம் வினையில். அதைத் தீர்ப்பது பெயர். மூக்கா, மூலதனமா, முயலா என்று தெரிந்துவிட்டால் போதும், 645 பொருள்களில் பெரும்பாலானவை ஒரே நொடியில் விலகிவிடும். ஒரு சொல்லை அது சேரும் கூட்டத்தை வைத்தே அறிய முடியும் என்று பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் வலியுறுத்தியதும் இதைத்தான். ஜெர்மன் மொழியியலாளர் ஸ்டெஃபான் கிரீஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில உரைத்தொகுப்புகளில் 'ரன்' வந்த 815 இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எழுவாய் என்ன, செயப்படுபொருள் உண்டா, எந்தச் சிறுசொல் சேர்ந்தது என்று குறித்தார். எந்தப் பொருள்களைப் பிரிக்கலாம், எவற்றைச் சேர்க்கலாம் என்பதற்கு இந்தக் கூட்டாளிகளே சாட்சி சொன்னார்கள். கணினியும் அதே வழியில்தான் கற்றது. 2013இல் வந்த 'வேர்ட்டுவெக்' முறை ஒரு சொல்லுக்கு எல்லா இடத்துக்கும் சேர்த்து ஒரே எண்வரிசையைத் தந்தது. 2018இல் வந்த 'பெர்ட்' போன்ற மாதிரிகள், சூழ்ந்துள்ள சொற்களைப் பார்த்து இடத்துக்கு இடம் வேறு எண்வரிசையைத் தருகின்றன.

கூட்டாளி மாறினால் பொருள் மாறும் என்றால், ஓட்டம் என்ற மூல உணர்வு முழுக்கச் செத்துவிடுகிறதா? உளவியலாளர் டீனி மேட்லாக் 2004இல் வெளியிட்ட சோதனைகள் இல்லை என்கின்றன. சாலை ஒன்று பாலைவனத்தைக் கடந்து செல்கிறது என்பதுபோன்ற வாக்கியத்தைப் படித்துப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவர் அளந்தார். அதற்கு முன் ஒரு பயணக் கதை. கதையில் பயணி மெதுவாக, நெடுந்தூரம், கரடுமுரடான நிலத்தில் போயிருந்தால் வாக்கியத்தைப் புரிந்துகொள்ளக் கூடுதல் நேரம் பிடித்தது. சாலை எங்கும் போகவில்லை. படிக்கிறவரின் மனம் அதன் வழியே போய்வருகிறது. நின்ற பொருளைச் சொல்ல அசைவுச் சொல்லைப் பயன்படுத்தினாலும் அசைவின் சாயல் உள்ளே மிஞ்சியிருக்கிறது.

தனித்து நிற்கும் பொத்தான்

இதையெல்லாம் நடைமுறையில் சோதிக்கும் இடம் ஒன்று உண்டு: மென்பொருளைத் தமிழாக்குகிறவரின் மேசை. திரையில் வரும் சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்திலிருந்து கழன்ற நிலையில் ஒரு பட்டியலாகத்தான் அவரிடம் வருகின்றன. அதில் ஒரு வரியில் 'ரன்' மட்டும் இருக்கிறது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நிரலுக்கான பொத்தான் என்றால் 'இயக்கு'. கிரிக்கெட் செயலி என்றால் 'ரன்' அல்லது 'ஓட்டம்'. உடற்பயிற்சிச் செயலி என்றால் 'ஓடுங்கள்'. விளம்பரத்தை வெளியிடும் பொத்தானாகவும் இருக்கலாம்.

645 பொருள்களும் அகராதியில் தயாராக இருக்கின்றன. ஒன்றும் கை கொடுக்காது. மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடியது ஒன்றுதான்: அனுப்பியவருக்கு ஒரு கடிதம் எழுதி, 'எது ஓடுகிறது?' என்று கேட்பது. 'மா வீழ்ந்தது' என்று கேட்டவரும் இதையேதான் கேட்டிருப்பார்.